இருகூர் வால்வும் கட்டுக்கரைக்குளமும்

இதய வால்வுச் சிகிச்சை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பெருநாடி வால்வைத் தொடை நாடி வழியே மாற்றும் முறைக்கு அமெரிக்கா 2011இல் அனுமதி கொடுத்தது. முதல் ஐந்து ஆண்டுகளில் பயன்பெற்றோரில் பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர். கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. நெஞ்சைத் திறக்காமல் புது வால்வு என்று கொண்டாடும் செய்திகளில் இந்தக் கணக்கு வருவதில்லை. அம்முறை பெரும்பாலும் முதுமையில் சுண்ணாம்பு படிந்து இறுகும் வால்வுக்கானது என்பதும் வருவதில்லை. தெற்காசியாவின் ஏழைக் கிராமங்களில் இளவயதினரை வீழ்த்துவது வாதக் காய்ச்சலால் கெடும் இருகூர் வால்வு.

தொடக்கம் பிள்ளையின் தொண்டை நோவு. ஸ்ரெப்ரோகொக்கசு பற்றீரியாவை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள், அதன் புரதத்தை ஒத்த இதயப் புரதத்தையும் தாக்குகின்றன. நெரிசலான வீடுகளில் இத்தொற்று எளிதில் பரவும். காய்ச்சல் திரும்பத் திரும்ப வர, வால்வின் இரு இதழ்களும் ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் இருக்கவேண்டிய வாசல் 1.5க்கும் கீழே ஒடுங்கிவிடும்.

இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக்குளத்து நீரில் வயல் செய்பவருக்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். துருசு அடைபட்டால் கீழே வயல் காயும், மேலே குளம் முட்டும். இருகூர் வால்வு துருசு என்றால், இதயத்தின் இடது சோணையறைதான் அந்தக் குளம். அதற்கு நீர் வரும் பக்கம் நுரையீரல். இந்தத் துருசு நிமிடத்துக்கு எழுபது தடவை திறந்து மூடுகிறது. துடிப்பு நூறானால் மூடியிருக்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது. திறந்திருக்கும் நேரமே பெரிதும் சுருங்கும். இதயம் வேகமாக அடிக்க அடிக்கக் குளம் இன்னும் முட்டுகிறது. கர்ப்ப காலத்தில் குருதியின் அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடும், துடிப்பும் ஏறும்: மாரி வெள்ளம் வரும் வேளையில் துருசும் ஒடுங்குவது போல. அதுவரை நலமாக இருந்த பெண், பிள்ளை சுமக்கும்போது முதன்முறையாக மூச்சுத் திணறுவது இதனால்தான். தேங்கிய நீரில் பாசி படர்வது போலச் சோணையறையில் குருதி உறையும். அக்கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம்.

ஒட்டிய இதழ்களைப் பலூனால் பிரிக்கும் முறையை யப்பானில் கஞ்சி இனோவே 1982இல் தொடங்கினார். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் விலை குறைந்த சித்ரா செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இச்சிகிச்சைகளைத் தேடும் திருக்கேதீஸ்வரத்து நோயாளிக்குக் கிட்டியது மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கே இதய அறுவைச் சிகிச்சை இல்லை. யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றர் அளவு தொலைவு, கொழும்பு முந்நூறு. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணப் பயணம் இலகுவானது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். பஸ் காசும், கூட வருபவரின் நாட்கூலியும் இலவசமல்ல. மருந்தளவைத் தமிழில் விளக்க ஆளில்லாத இடத்தில் அந்தத் தூரம் இன்னும் கூடுகிறது.

அந்தத் தூரம் போய் உலோக வால்வு பொருத்தியவர், குருதி உறைவதைத் தடுக்கும் வோபரின் மாத்திரையை வாழ்நாள் முழுதும் எடுக்கவேண்டும். இருகூர் இடத்து வால்வுக்குக் குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு வழக்கமாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்கவேண்டும்: குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் குருதிப்பெருக்கு. வழக்கத்துக்கு மாறாக நிறைய முருங்கையிலை உண்டாலே அளவு இறங்கலாம். ஆகவே, ஊருக்குக் கிட்ட ஒழுங்கான குருதிப் பரிசோதனை இல்லாவிட்டால் நல்ல அறுவைச் சிகிச்சையும் வீணாகக்கூடும். பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் இதைத் தீர்க்கும் என்று நம்பக்கூடாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வுகளில் சோதித்த ஆய்வு, கட்டிகளும் குருதிப்பெருக்கும் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது.

இவ்வளவுக்கும் முன்னே நிற்பது மலிவான ஒரு ஊசி. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் போட்டால், காய்ச்சல் மீண்டும் வருவதைப் பெரிதும் தடுக்கலாம். வால்வு கடுமையாகப் பழுதானவர்களுக்கு நாற்பது வயது வரையோ அதற்கு மேலுமோ இதைத் தொடர்வார்கள். இதற்குச் சத்திரசிகிச்சைக் கூடம் தேவையில்லை. தவணை தவறாத கிளினிக்கும், வராத பிள்ளையைத் தேடிப் போகும் ஒருவரும் தேவை.