மாத்திரை அட்டையில் தேதி பார்த்தீர்களா?



பிள்ளை மடுவத்தில் ஒரு தாய் நம்மைத் தனியாகக் கூப்பிட்டு, கர்ப்பத்தடை மாத்திரை அட்டை ஒன்றைக் காட்டினார். "மிஸ், இது தேதி முடிஞ்சதாம். போட்டா வெசமாகிருமா?" கிளினிக் போனால் அரைப் பேர் போய்விடும் என்று ட்ரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்த அட்டை. இரண்டு மாதமாக அதைத்தான் போட்டிருக்கிறார். மாதவிலக்கும் தள்ளிப் போயிருந்தது. உடனே சிறுநீர் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு அவருடைய சொந்த விசயம், இங்கே எழுதமாட்டோம்.

அது விசமல்ல. கர்ப்பப்பை கெடும், பிள்ளை ஊனமாகும் என்று லயத்தில் பேசுவதும் சரியல்ல. கரு தங்கியது தெரியாமல் போட்டுவிட்டாலும் பிள்ளைக்குக் கெடுதி இல்லை என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆபத்து வேறு. மாத்திரையில் இருப்பது மிகச் சிறிய அளவு ஓமோன் மருந்து. நாளாக நாளாக அதன் வலு குறையும். எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம்பியிருக்கும்போதே கரு தங்கிவிடலாம். அடுப்புக்கு மேல் றாக்கையிலோ, ஈரச் சுவர் ஓரத்திலோ வைத்தால் தேதி முடியும் முன்பே கெட்டுப்போகக் கூடும்.

அட்டையில் இரண்டு தேதி இருக்கும். பலர் செய்த தேதியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஈ, எக்ஸ், பி என்ற மூன்று இங்கிலிஷ் எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதே முடிவுத் தேதி. மாதமும் வருசமும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை போடலாம். ஓர் அட்டை 28 நாளைக்கு வரும். ஆகவே கடைசி மாத்திரை வரை தேதி தாங்குமா என்று தொடங்கும் முன்பே பாருங்கள்.

பாதியில் கண்டுபிடித்தால் பழையதை நிறுத்திப் புது அட்டை தொடங்குங்கள். முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். (முகம் சுளிக்கும் அண்ணன்மாருக்கும் சேர்த்தே சொல்கிறோம். 7 நாள்தானே!) அதற்கு முந்திய நாட்களில் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவமாதுவிடம் போங்கள். அவசர மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பழைய அட்டையை வாசலில் வீசாதீர்கள், பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போடும். மருத்துவமாதுவிடமே கொடுங்கள். அரைப் பேர் போவது நமக்கும் தெரியும். போன தடவையிலேயே 3 மாதத்துக்குச் சேர்த்து, தேதி தூரமாக உள்ள அட்டையாகக் கேளுங்கள்.