கோர்ட் ஏறிய மேசைப் பலகை

ஒரு மரப்பலகையை எப்போது மேசை என்று சொல்லலாம்? தச்சுப் பட்டறையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். நியூசிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2018 நவம்பரில் இதற்குத் தீர்ப்பே எழுதியது. வழக்குக்குக் காரணம், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த கவுரி மரங்கள்.

கவுரி அந்நாட்டின் வட தீவில், அதுவும் அதன் வடபகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். வளர வளரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால் அடிமரம் கணு இல்லாமல் தூண் மாதிரி நேராக ஏறும். இன்று நிற்பவற்றில் மிகப் பெரியது வைப்பொவா காட்டின் தானே மஹுட்டா. நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வனதேவன் பெயர் அது. உயரம் சுமார் 51 மீட்டர், சுற்றளவு 13 மீட்டருக்கு மேல். இதையும் விஞ்சிய மரங்கள் இருந்தன. கைராரு என்ற மரத்தை 1860-இல் அளந்தபோது சுற்றளவு 20 மீட்டர் இருந்தது. 30 மீட்டர் உயரம் வரை ஒரு கிளைகூட இல்லை. பின்னர் வந்த காட்டுத்தீ அதை விழுங்கிவிட்டது.

கணுவில்லாத நேர்மரத்தைக் கப்பல்காரர்கள் விடுவார்களா? பாய்மரக் கம்பங்களுக்காக பிரிட்டிஷ் கடற்படை முதலில் வந்தது. பின்னாலேயே மரவாடிக்காரர்கள் வந்தார்கள்.

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். பாறைமேல் விழுந்தால் அத்தனை பேர் உழைப்பும் சிதறிப்போகும். விழ வேண்டிய பக்கத்தில் கோடாலியால் வாய் பிளப்பார்கள். ஆள் உள்ளே ஏறிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய வாய். பிறகு மறுபக்கத்தில் முனைக்கு ஒருவராக நின்று நீள ரம்பத்தை இழுப்பார்கள். பிசின் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், எண்ணெய் தடவித்தான் இழுக்க முடியும். ரம்பம் போன தடத்திலேயே ஆப்பையும் அடித்துக்கொண்டு போக வேண்டும்.

வெட்டியதைக் கீழே இறக்குவது அதைவிடப் பெரும்பாடு. ஜாக்கி வைத்து உருட்டி, மாடுகளை வரிசையாகப் பூட்டி இழுத்து ஓடை வரை சேர்ப்பார்கள். ஓடையிலோ தடி மிதக்கத் தண்ணீர் இருக்காது. ஆகவே மலையிடுக்கில் மரத்தாலேயே அணை கட்டினார்கள். தடிகளை ஓடைப் படுகையில் குவித்து வைத்து, மழையில் அணை நிரம்பியதும் மதகுப் பலகைகளை ஒரே இழுப்பில் கழற்றி விடுவார்கள். வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கழிமுகம் நோக்கிப் பாயும். வழியில் நொறுங்கிய மரத்துக்கும் அரித்துப்போன கரைக்கும் யார் கணக்கு வைத்தார்கள்? கிரேட் பேரியர் தீவில் 1926-இல் கட்டிய அப்படியோர் அணை, 2014-ஆம் ஆண்டுப் புயல் அடித்துப் போகும்வரை நின்றது.

சுமார் 12 லட்சம் ஹெக்டேர் பரவியிருந்த கவுரிக் காட்டில் 1900 வாக்கில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. கோடாலிக்குத் தப்பியதில் பெரும்பகுதியைத் தீ தின்றது. வைப்பொவா 1952-இல்தான் சரணாலயமானது.

நிற்கும் மரத்தில் கை வைக்க முடியாது என்றானதும் கண் நிலத்தடிக்குப் போயிற்று. சதுப்பில் காற்றுப் புகாததால் மரம் மக்குவதில்லை. 40,000 ஆண்டுப் பழைய தடியும் அறுத்தால் பொன்னிறமாகப் பளபளக்கும். பொக்லைனால் தோண்டியெடுத்து, நீளவாக்கில் பலகை அறுத்து, இடையே கட்டை வைத்து அடுக்கிப் பொறுமையாக உலர்த்துவார்கள். அவசரப்பட்டால் பலகை வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். ஒட்டுப்போடாத ஒரே பலகையில் பத்துப் பேருக்கு மேல் உட்காரும் மேசை என்றால் பணக்காரர்கள் விலை கேட்பதில்லை. இத்தாலியின் 'ரீவா 1920' நிறுவனம் இந்தக் கவுரி மேசைகளுக்கே பெயர் பெற்றது.

சட்டமோ, புதைகவுரியைத் தடியாகவோ அறுத்த மரமாகவோ வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்றது. செய்து முடித்த பொருளென்றால் அனுப்பலாம். வியாபாரிகளுக்கு அந்தச் சந்து போதாதா? முரட்டுப் பலகை 'மேசைப் பலகை' என்ற பெயரில் கப்பலேறியது. மேலோட்டமாக எதையோ செதுக்கிய தடி 'கோயில் தூண்' ஆனது. அதிகாரிகளும் விட்டார்கள். உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பொன்று வழக்குப் போட்டது; கீழ் நீதிமன்றங்களில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் வென்றது. பெயர் சூட்டினால் மட்டும் பொருள் ஆகிவிடாது, வாங்குபவர் அப்படியே பயன்படுத்தும் நிலைக்கு வந்திருக்க வேண்டும், மேற்பரப்பில் செதுக்கினாலும் தடி தடிதான் என்றார்கள் நீதிபதிகள். காலும் பூட்டாத பலகையை மேசை என்று ஒப்புக்கொள்ள இத்தனை பேர் தயாராக இருந்ததுதான் வேடிக்கை.

ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தப் பலகைகள் ஆவணம். ஆண்டு வளையங்களில் பழங்கால வானிலையும் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பனின் அளவும் பதிந்திருக்கின்றன. ஙாஃபா என்ற ஊரில் மின்நிலையம் கட்டத் தோண்டியபோது சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முந்தைய கவுரித் தடி ஒன்று அகப்பட்டது. பூமியின் காந்தப்புலம் வலுவிழந்து தடுமாறிய காலத்தில் வளர்ந்த மரம் அது. அதன் வளையங்களிலிருந்து படித்தவை 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. தடியை மேசையாக்க யாருக்கும் விற்கவில்லை. ஊர் மாவோரி மக்களிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.