கரியின் குடும்பம்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கெடார் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ, பழைய வழக்கம் மாறாத வீடொன்றின் சமையலறையை நேயர்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டுகிறேன். அடுப்பிலே கரி, பாத்திரம் துலக்க மணலும் உமிச்சாம்பலும், ரசம் வைக்க ஈயச் சொம்பு. கரிக்கும் மணலுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், யாதொன்றும் இல்லை என்றே எவரும் விடையளிப்பார்கள். ரஸாயன சாஸ்திரமோ, கரியும், மணலுக்குள் மறைந்திருக்கும் சிலிக்கனும், ஈயமும் ஒரே குலத்தில் உதித்தவை என்று சாதிக்கிறது.

உலகிலுள்ள பொருள்கள் கோடானுகோடி. அவற்றுக்கு ஆதாரமான மூலகங்களோ சிலவே. தனிமங்கள் என்று இக்காலப் பாடப் புத்தகங்கள் குறிப்பவை இவைதாம். 1869-ம் ஆண்டில் அவற்றுள் 63 மட்டுமே தெரிந்திருந்தன. அவற்றை எந்த ஒழுங்கில் வைப்பது என்பது அக்காலத்து அறிஞர்களைத் திகைக்க வைத்த பிரச்னை. ருஷியாவின் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆசிரியராக இருந்த மெண்டலீவ், மூலகங்களை அணு எடையின் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். ஓர் இடைவெளிக்குப் பின் அதே குணங்கள் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் கண்டார். ஒத்த குணமுள்ளவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தார். இவ்வாறு பிறந்ததே ஆவர்த்தன அட்டவணை.

தமிழ்க் குழந்தைக்கு இதை விளக்குவது எளிது. 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் எழுத்துக்கள் கட்டம் கட்டமாக நிற்கும் அட்டவணையை அது முன்பே அறியும். ஙூ என்னும் எழுத்து நாம் வழங்கும் சொல் எதிலும் வருவதில்லை. ஆயினும் அதன் இடத்தை நாம் அழித்துவிடுவதில்லை. ஙகர வரிசையும் ஊகார ஓசையும் தெரிந்த குழந்தை, கேட்டே இராத அந்த எழுத்தையும் தடுமாறாமல் உச்சரித்துவிடும். மெண்டலீவ் செய்ததும் இதுவே. பொருந்தாத மூலகத்தை வலிந்து திணியாமல், சில கட்டங்களைக் காலியாகவே விட்டார். அவற்றுக்கு உரியவை இனிமேல் அகப்படும் என்று துணிந்து கூறினார்.

அக்காலிக் கட்டங்களுள் ஒன்று சிலிக்கனுக்கு நேர் கீழே இருந்தது. அதில் வரவேண்டிய மூலகத்துக்கு ஏக-சிலிக்கன் என்று அவர் பெயரிட்டார். "ஏக" என்னும் ஸம்ஸ்கிருத எண்ணுப் பெயர் இவ்வாறு ருஷிய விஞ்ஞானியின் ஏட்டில் இடம் பெற்றது நமக்கு மகிழ்ச்சி தருவதே. அம்மூலகத்தின் அணு எடை சுமார் 72 என்றும், அடர்த்தி 5.5 என்றும் 1871-ல் அவர் கணித்தார். 1886-ல் ஜெர்மானியரான விங்க்ளர் ஒரு கனிப்பொருளிலிருந்து புதிய மூலகம் ஒன்றைப் பிரித்தெடுத்து, ஜெர்மேனியம் என்று தம் நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். அதன் அணு எடை 72.6, அடர்த்தி 5.3. கண்ணால் காணாத ஒன்றின் ஜாதகத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு சரியாக எழுதிவைத்ததைக் கண்டு உலகம் வியந்தது.

ஆனால் அணு எடையே முடிவான அளவுகோல் அன்று. டெல்லூரியம் அயோடினைவிடக் கனமானது. குணத்தை நோக்கினால் அயோடினுக்கு முன்னே நிற்கவேண்டியது. மெண்டலீவ் எடையைப் புறக்கணித்துக் குணத்தையே நம்பினார். அவர் செய்தது சரி என்பதை 1913-ல் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு நிலைநாட்டினார். அணுவின் கருவில் எத்தனை புரோட்டான்கள் உள்ளனவோ அதுவே மூலகத்தின் வரிசை எண் என்பது இன்று தெளிவு. அம்மேதை 1915-ல், தமது இருபத்தேழாம் வயதில், போர்க்களத்தில் மாண்டது உலகின் துரதிர்ஷ்டம்.

இன்று அட்டவணையில் 118 மூலகங்கள், 7 வரிசைகளிலும் 18 நிரல்களிலும் அமர்ந்திருக்கின்றன. வரிசைகளின் நீளம் முறையே 2, 8, 8, 18, 18, 32, 32. கரியின் எண் 6. அதனுடன் 8 கூட்டினால் 14, சிலிக்கன். 18 கூட்டினால் 32, ஜெர்மேனியம். மேலும் 18 கூட்டினால் 50, வெள்ளீயம். பின்னும் 32 கூட்டினால் 82, காரீயம். இவ்வைந்தின் அணுக்களிலும் வெளிப்புறத்தே நான்கு எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. குணம் ஒத்திருப்பதன் காரணம் அதுவே. ஆயினும் மேலிருந்து கீழே இறங்க இறங்க இயல்பு சிறிது சிறிதாக மாறுகிறது. கரி உலோகமன்று, சிலிக்கனும் ஜெர்மேனியமும் நம் இடையினத்தைப் போல நடுவில் நிற்பவை, ஈயம் இரண்டும் உலோகங்கள்.

இக்குடும்பத்தினர் நம் மண்ணில் நெருங்கி வாழ்கின்றனர். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்கனை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. பல் துலக்கும் உமிக்கரியில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே இருக்கிறார்கள். விழுப்புரம் ஜில்லாவிலேயே திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளை நிரப்பி, கரியாலான மரப்பொருள் சிதைந்த இடத்தைத் தான் பற்றிக்கொண்டது. கரியே சிலிக்கனாக மாறிவிடவில்லை. ஒன்று நீங்க மற்றொன்று குடிபுகுந்தது. மூன்றாமவனான ஜெர்மேனியத்தைக் கொண்டுதான் 1947-ல் முதல் டிரான்ஸிஸ்டர் செய்யப்பட்டது. பிறகு அவ்வேலையைச் சிலிக்கன் ஏற்றுக்கொண்டது.

எஞ்சிய இருவரைப் பற்றி இல்லத்தரசிகள் அவசியம் அறிய வேண்டும். இரண்டுக்கும் ஈயம் என்று ஒரே பெயரிட்டு, வெள்ளை கருமை என்னும் அடைமொழியால் வேறுபடுத்திய நம் முன்னோர் அவற்றின் உறவை நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தும் குணம் வேறு. வெள்ளீயம் புளிக்கு அஞ்சாது. பித்தளையில் களிம்பு ஏறாமல் காப்பது அதுவே. காரீயமோ நஞ்சு. புளிப்பில் அது கரைந்து உணவில் கலந்தால், சிறுகச் சிறுக உடலில் தங்கிக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ஒரே அளவுள்ள துண்டுகளில் காரீயம் ஒன்றரை மடங்கு கனக்கும். எனினும் வெள்ளீயத்தில் சிறிதளவு காரீயம் கலந்திருந்தால் கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்க இயலாது. ஆதலால் ஈயச் சொம்பு வாங்குவோரும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவிப்போரும், சுத்தமான வெள்ளீயந்தானா என்பதற்குப் பரிசோதனைச் சான்று கேட்பதே விவேகம். வெறும் சொம்பை அடுப்பேற்றினால் உருகிவிடும் என்பது பெண்மணிகள் அறிந்ததே. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும்; உள்ளே ரசம் கொதிக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்பதால் சொம்பு பிழைக்கிறது.

சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று 1916-லேயே சங்கம் கண்ட ராஜாஜி, பின்னர் "திண்ணை ரஸாயனம்" என்று ஒரு நூலே எழுதினார். ரஸாயனம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று, திண்ணையிலும் அடுக்களையிலும் பேசத் தக்கது என்பது அப்பெயராலேயே விளங்கும். ஆவர்த்தன அட்டவணையை நம் குழந்தைகள் நெட்டுருச் செய்வதோடு நின்றுவிடலாகாது. கரியையும் மணலையும் ஈயத்தையும் கையில் எடுத்துக் காட்டி, இவர்கள் ஒரே நிரலில் நிற்பவர்கள் என்று தாய்மொழியில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். அந்த நிரல் ஆயுள் முழுதும் மறவாது.