காற்றுப் பைக்கு மீட்டர் போதாது

கோலா குபு பாரு, கெர்லிங், பத்தாங் காலி வட்டாரத்து ஆலைகளிலிருந்து செம்பனை எண்ணெய் ஏற்றிக் கிள்ளான் துறைமுகம் நோக்கி இறங்கும் டாங்கர்களைக் கவனித்திருப்பீர்கள். டிரெய்லரின் முன்பாதிச் சுமை, அதை இழுக்கும் பிரைம் மூவரின் முதுகில் கிரீஸ் பூசிக் கிடக்கும் ஃபிஃப்த் வீல் தட்டின் மேல் உட்காருகிறது. இழுவையைத் தாங்குவது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கிங்பின். தோட்டத்துச் செம்மண் சாலையின் பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அந்தப் பின்னும் தட்டும் சேர்ந்து அடி வாங்கும். அந்த அடியை மென்மையாக்கத்தான் காற்றுப் பைகள். அமெரிக்காவில் வீட்டு டிரெய்லர் இழுப்பவர்களில் சிலர் தட்டுக்கு அடியிலேயே பையை வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்து லோரிகளில் பை இருந்தால், பெரும்பாலும் பின் அச்சுக்கு மேல்தான் இருக்கும்.

பை என்றால் இழை வலை வைத்து வார்த்த ரப்பர் உறை. ரப்பர் இந்த வட்டாரத்துக்குச் செம்பனையைவிடப் பழையது. செம்பனையை வணிக முறையில் மலேசியாவில் முதன்முதலாகப் பயிரிட்டது 1917இல், கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே. அதற்கு முன்பிருந்தே ரப்பரைக் கட்டியாண்ட வட்டாரம் இது. பால்மரம் சீவியவர்களின் பேரன்கள் இன்று ரப்பர்ப் பைமேல் உட்கார்ந்து செம்பனை எண்ணெய் ஓட்டுகிறார்கள்.

டயரைப் போலத்தானே, மீட்டரைச் சொருகி அழுத்தம் பார்த்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

டயரின் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. காற்று போனால் அழுத்தம் இறங்கும், மீட்டர் காட்டிக்கொடுக்கும். பை மடங்கும், நீளும். 400 சதுர சென்டிமீட்டர் பயன்பரப்புள்ள பை 2 டன்னைத் தாங்க வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ இருந்தாக வேண்டும். அந்த எண்ணைச் சுமை நிர்ணயிக்கிறது. கசிவில் கொஞ்சம் காற்று போனால் பை தாழ்ந்து சுருங்கும். மிச்சக் காற்று சிறிய இடத்தில் அடைபட்டு, அதே 2 டன்னை அதே 72இல் தூக்கி நிற்கும். மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. பை உட்கார்ந்து, உள்ளிருக்கும் ரப்பர்த் தடுப்பு சுமையை வாங்கிய பிறகுதான் முள் சரியும். அதற்குள் பள்ளத்து அடிகள் நேராக இரும்புக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே அளக்க வேண்டியது உயரம். ஒரு அளவுகோலும், தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த சென்டிமீட்டர் கணக்கும் இருந்தால் போதும். கூடுதலாக நிரப்பினாலும் தொல்லைதான். பை முழு நீளத்துக்கு விறைத்து நின்றால், சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் உலோகம் உலோகத்தை இழுக்கும். டாங்கர் காலியாகத் திரும்பும்போது லோரிகளில் உயரக் கட்டுப்பாட்டு வால்வு தானாகக் காற்றை வெளியே விடும். வால்வு இல்லாத, மூடிய பையில் அந்த வேலையைக் கையால் செய்ய வேண்டும். சுமைக்கேற்பத் திருத்த மறந்தால் வெறும் டிரெய்லர் குதித்துக்கொண்டே வரும்.

கசிவைப் பிடிக்கச் சோப்புத் தண்ணீரைவிட மலிவான கருவி கிடையாது. மூட்டுகளிலும் வால்வுத் தண்டிலும் தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். குமிழி வளரும் இடம்தான் குற்றவாளி. பையின் மடிப்பில் கல், சேறு சிக்கியிருந்தால் முதலில் அலச வேண்டும்.

இன்னொரு எதிரி ஈரம். 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். கம்ப்ரசர் அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக நசுக்கிப் பழைய வெப்பத்துக்கு ஆற்றினால், 20 கிராமுக்கு மேல் தண்ணீராகவே உதிரும். காற்றை உலர்த்தும் டிரையர் அதில் பெரும்பகுதியைத் தடுக்கும். தப்பியது காற்றுத் தொட்டியில் தேங்கி, வால்வுக்குள் துருவை வளர்க்கும். பிரேக்குக்கும் காற்று அதே கம்ப்ரசரிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். பயணம் தொடங்கும் முன் தொட்டியின் அடித் திருகைத் திறந்து வடியவிடுங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் டிரையரை ஒரு முறை பார்க்கச் சொல்லலாம். வெண்மையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் கம்ப்ரசர் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளுகிறது. டிரையர் குப்பியை மாற்றிவிட்டு, கம்ப்ரசரையும் பட்டறையில் காட்டியாக வேண்டும்.