நந்தவனப்புறம் இல்லாத பூங்காக்கள்

திருச்சிராப்பள்ளி சந்திப்பு ரயில் நிலையத்துக்கும் டி.வி.எஸ். டோல்கேட்டுக்கும் இடையே அமைந்த மன்னார்புரத்தை வரைபடத்தில் பார்ப்பவருக்கு, அந்தப் பகுதியில் திறந்தவெளிக்குப் பஞ்சமே இல்லை என்றுதான் தோன்றும். ஒரு பக்கம் பாதுகாப்புத் துறையின் நிலம், கிழக்கே பொன்மலை வரை ரயில்வேயின் குடியிருப்புகளும் மைதானங்களும், தெற்கே காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழக வளாகம், பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி, அண்ணா விளையாட்டரங்கம் என்று நகரத்தின் நடுவே இவ்வளவு பரந்த வெளி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் திறந்தும் காலுக்கு மூடியும் கிடக்கும் நிலம்; அதற்குள் மாலை நடை போகலாமா, பிள்ளைகள் பந்து விளையாடலாமா என்பதை முடிவு செய்வது மாநகராட்சி அன்று, நிலத்தை உடைய நிறுவனமே. சந்திப்பு நிலையத்தருகே கட்டிய மேம்பாலத்தின் மன்னார்புரம் பக்கத்துக் கை, ஓர் ஏக்கருக்கும் குறைவான பாதுகாப்புத் துறை நிலம் கைக்கு வராமல் பல ஆண்டுகள் பாதியில் நின்றது ஊரறிந்த செய்தி. பாலத்துக்கே அந்தப் பாடு என்றால் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நிலம் கேட்டுப் போகிறவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டபோது, ஒரு வெற்று மைதானம் ஒரு நகரத்துக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பது தெரிந்தது. அந்த மைதானமும் ரயில்வேக்கு உரியதே.

ஆகவே புறநகர்வாசி உரிமையோடு நுழையக்கூடிய திறந்தவெளி பெரும்பாலும் அவர் குடியிருக்கும் மனைப்பிரிவுக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட துண்டு நிலமாகத்தான் இருக்கிறது. பத்திர அலுவலகங்களிலும் மனை வியாபாரிகளின் பேச்சிலும் இதற்கு ‘ஓ.எஸ்.ஆர். இடம்’ என்று பெயர். சட்டத் தமிழில் ‘திறந்தவெளி ஒதுக்கீடு’. 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ முக்கால் ஏக்கருக்கு, மேற்படாத இடத்தைப் பிரிப்பவர் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரையில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம் அல்லது அதன் மதிப்புக்கு ஈடான தொகையைக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை, நிலமாகவே தர வேண்டும். நடு அடுக்கில் உள்ள அந்த ‘அல்லது’ சிறிய சொல்தான். ஆனால் சிறு சிறு மனைப்பிரிவுகளாகவே வளர்ந்த ஒரு பகுதியில், ஒவ்வொருவரும் தொகையைக் கட்டிவிட்டுப் போனால் கருவூலத்தில் பணம் சேரும், தெருவில் பூங்கா இராது. பிற்பாடு அந்தப் பணத்தைக் கொண்டு அதே தெருவில் நிலம் வாங்க முனைந்தால் அதற்குள் விலை எங்கோ போயிருக்கும். அங்கீகாரமே இல்லாமல் விற்கப்பட்ட மனைகளின் கதை இன்னும் மோசம். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அத்தகைய மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 2017ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்தன என்றாலும், முதலிலேயே விடாத பூங்காவை எந்த வரன்முறையும் பின்னாளில் உண்டாக்கித் தர முடியாது.

ஒதுக்கிய இடம் ‘தானப் பத்திரம்’ வழியாக உள்ளாட்சிக்கு எழுதித் தரப்படுகிறது. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பத்திரம் ஒரு துறை, பட்டா வேறொரு துறை. நகர நில அளவைப் பதிவேட்டில் பெயர் மாறாமல் பழைய உரிமையாளரின் பெயரே நீடித்தால், இருபது ஆண்டு கழித்து அவருடைய வாரிசுகள் அந்த இடத்தை வேறொருவருக்கு விற்பதும், வாங்கியவர் வேலி போடுவதும், குடியிருப்போர் நலச் சங்கம் நீதிமன்றப் படியேறுவதும் தமிழ்நாட்டில் எந்தப் புறநகருக்கும் புதிதல்ல. இன்னொரு வகை ஆக்கிரமிப்பைச் செய்வது அரசாங்கமே: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குப்பையை உரமாக்கும் கூடம் என்று ஒவ்வொன்றும் நல்ல காரியத்துக்காகவே வருகிறது, ஒவ்வொன்றும் பூங்காவுக்கென்று விட்ட இடத்திலேயே வந்து உட்காருகிறது. சென்னையில் 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியில் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே 116 ஏக்கரில் குளங்களும் பாதைகளுமாக எழுந்த ‘பீப்பிள்ஸ் பார்க்’ இப்படித்தான் கரைந்தது. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை, பின்னர் நேரு விளையாட்டரங்கம் என்று அதன் மீது எழுந்தவை அத்தனையும் பொதுக் கட்டடங்கள். மாநகராட்சியே தன் தலைமையகத்தைப் பூங்காவுக்குள் கட்டிக்கொண்டது.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. உள்ளாட்சி ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும், பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் ஒப்புதலின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். 1991இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த ஆணை செல்லாது என்று தீர்த்ததுடன், அதை எதிர்த்து வழக்காட அப்பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. நிலத்தைக் காக்க இவ்வளவு ஏற்பாடு உண்டு. நிலத்தின் மேல் நிற்கும் பூங்காவைக் காக்கத்தான் யாரும் பெரிதாக ஏற்பாடு செய்யவில்லை.

உள்ளாட்சிக் கணக்கில் செலவு இரண்டு வகை. சுவர் எழுப்புவது, நடைபாதை போடுவது, உடற்பயிற்சிக் கருவி வாங்குவது போல ஒருமுறை செய்து சொத்தாக நிற்பது மூலதனச் செலவு. கூலி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு என்று மாதந்தோறும் வந்துகொண்டே இருப்பது வருவாய்ச் செலவு. பூங்காக்களுக்கு வெளியிலிருந்து வரும் பணம் ஏறக்குறைய எல்லாமே முதல் வகையைச் சேர்ந்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று ஒதுக்கப்படும் தொகுதி நிதி நிலைத்த சொத்துகளை உருவாக்கவே தரப்படுகிறது, பராமரிப்புக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டம் தன் ஒதுக்கீட்டில் 2.5 விழுக்காடு வரை பூங்காக்களுக்கு அனுமதித்தது. 2017இல் திருச்சிராப்பள்ளி இடம்பெற்ற ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பணமும் பெரும்பாலும் கட்டுமானப் பணமே. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம்கூட ஒரு பணியை முடித்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. நிதி கொடுத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டும் பளபளக்கும் நுழைவாயிலும் முதல் நாளே கிடைத்துவிடுகின்றன. மோட்டார் எரிந்துபோனால் அதை மாற்ற வேண்டியது மாநகராட்சியின் வருவாய் நிதி. அங்கோ பூங்காவுக்கு முன்னால் துப்புரவும், சாலையும், தெருவிளக்கும், ஓய்வூதியமும் வரிசையில் நிற்கின்றன.

அரை ஏக்கர் பூங்கா ஒன்று அன்றாடம் எதைத் தின்கிறது என்று பார்த்தால் இந்த இடைவெளி விளங்கும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் திருச்சியில், திறப்பு விழாவுக்காக விரித்த கொரியன் புல்தரை நாள்தோறும் தண்ணீர் கேட்கும். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும், மோட்டாருக்கு மின்கட்டணமும், அதைப் போட்டு அணைக்க ஓர் ஆளும் வேண்டும். காலையும் மாலையும் கதவைத் திறந்து பூட்ட ஒரு காவலாளி, சருகு கூட்ட ஒருவர், மாதம் ஒருமுறை கிளை கழிக்கச் சிலர், ஊஞ்சல் சங்கிலியின் கொண்டிக்கு எண்ணெய். அந்தக் கொண்டி தேய்ந்து ஒரு பக்கம் அறுந்தவுடன் ஊஞ்சல் பலகையை யாரோ கம்பத்தில் சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த டெண்டரில் புது ஊஞ்சல் வரும்வரை அது கட்டியபடியே இருக்கும். ஒரு கொண்டியை மாற்றும் செலவு மிகச் சிறியது, ஆனால் அந்தச் சிறிய தொகையை உடனே எடுத்துச் செலவிடும் அதிகாரம் பூங்காவுக்கு அருகில் இருக்கும் எவரிடமும் இல்லை. புல்லுக்குப் பதிலாக வேம்பும் புங்கையும் வைத்திருந்தால் மூன்று ஆண்டுகளில் தண்ணீர்ச் செலவு பெருமளவு குறைந்திருக்கும் என்பது எந்தத் தோட்டக்காரருக்கும் தெரியும். திறப்பு விழா அன்று வேப்பங்கன்று படத்தில் எடுப்பாக இராது.

மன்னார்புரத்திலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் உள்ள திருவரங்கம் இந்தச் சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறது. அரங்கனுக்கு நந்தவனம் அமைத்துத் துளசியும் பூவும் தொடுத்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரை வைணவ மரபு இன்றும் போற்றுகிறது. அந்தத் தனிமனிதத் தொண்டு ஒரு பக்கம் இருக்க, சோழர் காலத்தில் கோயில்களுக்குத் தோட்டம் அமைத்தவர்கள் அதைக் கொடுத்ததோடு நிற்கவில்லை என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தோட்டத்தைப் பேணுவோரின் வாழ்வுக்காகத் தனியே விளைநிலம் ஒன்றை இறையிலியாக, அதாவது வரி நீக்கி, எழுதி வைத்தார்கள். அந்த நிலத்துக்கு ‘நந்தவனப்புறம்’ என்று பெயர். ஏரியைத் தூர் வாரவும் கரையைக் காக்கவும் விட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’. தோட்டம் ஒரு தானம், தோட்டக்காரரின் சோறு இன்னொரு தானம், இரண்டும் ஒரே கல்லில். இன்றைய தானப் பத்திரத்தில் முதல் பாதி மட்டுமே இருக்கிறது. அந்தக் கோயில் தோட்டங்கள் இன்றைய பொருளில் எல்லாருக்குமான பூங்காக்கள் அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளத்தக்கது அவற்றின் கணக்கு முறையே.

அந்தக் கணக்கை வேற்று நாட்டார் வேறு பெயரில் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 1992இல் உருவான பூங்கா அறக்கட்டளையிடம் பூங்காக்களை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தபோது, வாடகை வரும் வணிகக் கட்டடங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த வருமானமே மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. லண்டனின் விம்பிள்டன், பட்னி திடல்களுக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியைக் கண்டது: திடலிலிருந்து முக்கால் மைல் தொலைவில், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டருக்குள், குடியிருப்போர் தனி வரி கட்டுகிறார்கள், திடலை நிர்வகிக்கும் எட்டுப் பேரில் ஐவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை 1980இல் தொடங்கிய ஒரு தனி அமைப்பு நன்கொடை திரட்டிப் பேணிவருகிறது என்பதை இங்கே பலரும் முன்மாதிரியாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பவர்களைப் போன்ற செல்வர்கள் நம் புறநகர்த் தெருக்களில் இல்லை.

நுழைவுச்சீட்டு என்பதும் ஒரு வழிதான். திருவரங்கம் தீவில் 2015இல் வனத்துறை திறந்த மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போன்ற இடங்களுக்குக் குடும்பத்தோடு ஆண்டுக்கு ஓரிருமுறை போகிறவர் சீட்டு வாங்கத் தயங்குவதில்லை. நாள்தோறும் காலையில் நடக்கப் போகும் முதியவரிடமும், பள்ளி விட்டு வந்து ஊஞ்சலுக்கு ஓடும் பிள்ளையிடமும் சீட்டுக் கேட்டால் தெருப் பூங்கா தெருவுக்கு உரியதாக இருக்காது.

வீட்டுக்கு அருகிலேயே இதற்கு இன்னும் பொருத்தமான முன்னுதாரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரி, இன்றும் சொத்துவரியோடு பத்து விழுக்காடாக வசூலாகிறது. படிக்காதவரும் கட்டுகிறார், அந்தப் பணம் நூலகத்துக்கென்றே பெயர் எழுதப்பட்டு வருகிறது. பூங்காவுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. எடுத்துக்காட்டாக, அரையாண்டுக்கு 2,000 ரூபாய் சொத்துவரி கட்டும் ஆயிரம் வீடுகள் உள்ள ஒரு பகுதியைக் கொள்வோம். அதன் மீது ஒரு விழுக்காடு பூங்கா வரி என்றால் ஆண்டு முழுதும் சேர்வது 40,000 ரூபாய், காவலாளியின் சில மாதச் சம்பளத்துக்கே சரி. ஐந்து விழுக்காடு என்றால் 2,00,000 ரூபாய்; மாதம் 15,000 ரூபாய் ஊதியத்தில் ஒரு தோட்டக்காரரை ஆண்டு முழுதும் வைத்தது போக 20,000 ரூபாய் மீதம், ஊஞ்சல் கொண்டிகளுக்குத் தாராளமாகப் போதும். வீட்டுக்கு அது ஆண்டுக்கு 200 ரூபாய். 2022இல் உயர்ந்த சொத்துவரியை நினைத்து மக்கள் முகம் சுளிப்பார்கள் என்பது உண்மை. அந்த 200 ரூபாய் தங்கள் தெருவிலேயே செலவாகிறது என்று தெரிந்தால் சுளிப்பு எவ்வளவு குறையும் என்பதை ஒரு மாநகராட்சி துணிந்து சோதித்துப் பார்க்கலாம்.

பல இடங்களில் இந்தச் சுமையை இப்போது குடியிருப்போர் நலச் சங்கங்களோ மகளிர் சுய உதவிக் குழுக்களோ ஏற்கின்றன. சங்கம் பார்த்துக்கொள்ளும் பூங்கா சுத்தமாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சாவி யாரிடமோ அவர் வைத்ததே விதியாகிவிடுவதையும் பார்க்க முடிகிறது: ‘பந்து விளையாடக் கூடாது’, ‘புல்லில் உட்காரக் கூடாது’, ‘வெளியார் வரக் கூடாது’ என்று பலகைகள் வளர்கின்றன, பகலில் கதவு பூட்டிக் கிடக்கிறது, அடுத்த தெருவின் குடிசைப் பிள்ளை வெளியே நிற்கிறது. மாநகராட்சியின் பொது நிலத்துக்குச் சங்கம் காவல் இருக்கலாம், எஜமானாக முடியாது. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகக் கூடிய பகுதி சபைகள், அதாவது வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அதன் வாக்காளர்களை அழைக்கும் கூட்டங்கள், இந்தச் சாவியைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற இடம். அங்கே சங்க உறுப்பினரும் குடிசைவாசியும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி தங்கள் பகுதியில் பட்டியலிட்ட இடங்கள் எவை, அவற்றின் பட்டா யார் பெயரில் இருக்கிறது, சென்ற ஆண்டு ஒவ்வொன்றுக்கும் செலவான தொகை எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை அங்கே எவரும் கேட்கலாம். பதில் எழுத்தில் வர வேண்டும் என்று தீர்மானமும் போடலாம்.