கால் தளர்ந்த பறவைக்குக் கூண்டு

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாளொன்றுக்கு ஒரு படி என்பர். ஏற இயலாதவர்க்கு மலைமேல்வரை வண்டிப் பாதையும் உண்டு. வீட்டுப் பறவைக்குக் கால் தளர்ந்தால், அதற்கும் ஒரு பாதை அமைத்துத் தருவது நம் கடமையன்றோ?

நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டிலடைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைக்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளியைப் பற்றியே இங்குச் சொல்லுகிறோம்.

கால் திடீரெனத் தளர்ந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். பெண் பறவைக்கு முட்டை தடைப்பட்டாலும் கால் வலுவிழக்கும்.

பிறகு கூண்டைக் கவனிப்போம். உயரம் குறைந்து அகலம் மிகுந்ததே ஏற்றது. விழுந்தாலும் அடி பலமாகப் படாது. உருளைக் கம்புக்குப் பதிலாகத் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் தட்டையான பலகை பொருத்தி, ஏறுவதற்குச் சொரசொரப்பான சரிவுப் பலகையொன்றும் சாய்த்து வைக்கலாம். தரையில் மெத்தென்ற துணி விரிக்க வேண்டும். நூல் பிரிந்தால் நகம் சிக்கும். எச்சத்தில் கிடந்தால் பாதம் புண்ணாகும். ஆதலால் துணியை நாள்தோறும் மாற்றுவது அவசியம். தீனியும் நீரும் ஆழமில்லாக் கிண்ணங்களில், இருந்த இடத்திலேயே எட்டவேண்டும்.

பறக்கும் உயிரை அடைத்து வைத்தவர்கள் நாம். அது நடக்க முடியாத நாளிலும் அதற்குப் பொறுப்பு நாமே.