இந்தியாவை ஆராயத் தடை. அமெரிக்காவை ஆராய அனுமதி

1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திவந்த கருத்தரங்கில், இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அகமணமே சாதியின் தனித்த இயல்பு என்று அதில் அவர் வாதிட்டார். சாதி குறித்த அண்ணல் அம்பேத்கரின் ஆய்வுப் பயணம் தொடங்கியது அங்கேதான். அவரைக் கடல் கடந்து அனுப்பியது பரோடா மன்னரின் உதவித்தொகை.

அதே மாணவர் இன்று ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், அந்தத் தலைப்புக்குப் பணம் கிடைக்காது. சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் நடத்தும் இத்திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கும், எஞ்சியவை சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பத்தினருக்கும் உரியவை. 2022 பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள் ஒரு புதிய விலக்கைச் சேர்த்தன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைக் களமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இனி உதவித்தொகை கிடையாது. இவற்றை ஆராயத் தேவையான வளங்களும் அறிஞர்களும் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். ஆவணங்கள் இங்கே இருப்பது உண்மைதான். அவற்றைத் திறந்துவைத்து, வழிகாட்டியின் சாதிக்கு அஞ்சாமல் ஒரு தலித் மாணவர் எழுதக்கூடிய துறைகள் இங்கே எத்தனை என்பதே நம் கேள்வி.

இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அது நீங்கும்வரை நம் மாணவர்கள் காத்திருக்க முடியாது. ஆகவே, விதி திறந்துவைத்திருக்கும் கதவுகளில் ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறோம். அமெரிக்காவின் பண்பாட்டையும் அரசியலையும் முதுகலையில் பயில்வது அது. அமெரிக்காவுக்குச் சென்று பயில்வதைப் பற்றி நாம் பேசவில்லை. அமெரிக்காவையே ஆய்வுப் பொருளாகக் கொள்வதைப் பற்றிப் பேசுகிறோம். அதை அமெரிக்காவுக்கு வெளியிலும் செய்யலாம். வரலாறு, இலக்கியம், அரசியல், சமூகவியல், பொருளியல் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து ஒரு நாட்டை ஆராயும் இத்துறைக்கு ஐரோப்பாவில் பல மையங்கள் உள்ளன. அவற்றுள் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் ஜான் எஃப். கென்னடி நிறுவனம் குறிப்பிடத்தக்கது.

1963இல் அந்நிறுவனம் உருவாகக் காரணமாக இருந்தவர் எர்ன்ஸ்ட் ஃபிராங்கெல். யூதரான அவர் தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர். ஹிட்லரின் ஆட்சியில் 1938 வரை பெர்லின் நீதிமன்றங்களில் வாதாடிவிட்டு அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். சிகாகோவில் மீண்டும் மாணவராகிச் சட்டம் படித்தார். 1941இல் வெளிவந்த அவருடைய 'இரட்டை அரசு' என்னும் நூல், நாஜி ஜெர்மனியில் இரண்டு அரசுகள் அருகருகே இயங்கியதை விவரிக்கிறது. ஒப்பந்தம், சொத்து, வணிகம் ஆகியவற்றில் சட்டப்படி நடந்துகொள்வது ஒன்று. தான் பகையெனக் கருதியவர் மீது சட்டத்தின் எந்தத் தடையும் இன்றிப் பாய்வது மற்றொன்று. ஒரே நாட்டில், ஒரே நாளில் இரண்டும் நடந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் ஏட்டில் இருந்தும், முதல் தகவல் அறிக்கைக்காகக் காவல் நிலைய வாசலில் நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இந்த நூல் அந்நியமாகத் தோன்றாது.

இதே வரலாற்றுக்கு இன்னொரு மாணவரும் உண்டு. ஹைன்ரிஷ் கிரீகர் என்ற ஜெர்மானியர் 1933-34இல் பரிமாற்ற மாணவராக அமெரிக்காவின் அர்கான்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்குச் சென்றார். கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் சட்டம் எவ்வாறு பிரித்துவைக்கிறது என்பதை அக்கறையோடு படித்தார். 1934 ஜூன் 5 அன்று பெர்லினில் நாஜி சட்ட வல்லுநர்கள் கூடி இனச் சட்டம் பற்றி விவாதித்தபோது, அமெரிக்க இனச் சட்டங்கள் அங்கே விரிவாகப் பேசப்பட்டன. அதற்குக் கிரீகரின் ஆய்வு பயன்பட்டது. அடுத்த ஆண்டே நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் விட்மன் 2017இல் எழுதிய நூலில் இதை ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். அயல்நாட்டைப் படிப்பது இயல்பாகவே முற்போக்கானது என்று எண்ணுவோர் கிரீகரை நினைவில் கொள்வது நல்லது.

இனி நமக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருவோம். சாதி என்ற சொல் அமெரிக்க ஆய்வுக்குப் புதிதன்று. 1936இல் லாயிட் வார்னர், தென் மாநிலங்களின் நிறவெறியைச் சாதி அமைப்பு என்றே வரையறுத்தார். அவ்வழியில் கறுப்பின அறிஞர் அல்லிசன் டேவிஸும் அவருடைய துணைவியார் எலிசபெத்தும், கார்ட்னர் என்ற வெள்ளையினத் தம்பதியரும் மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் நகரில் களப்பணி செய்தனர். கறுப்பின மக்களிடையே டேவிஸ் தம்பதியர், வெள்ளையரிடையே கார்ட்னர் தம்பதியர் எனப் பிரிந்தே வாழ்ந்து ஆய்வு செய்ய நேர்ந்தது. ஆய்வாளர்களே அந்த அமைப்பின் விதிக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அதன் விளைவு 1941இல் வெளிவந்த 'டீப் சவுத்'.

டிரினிடாடில் பிறந்த கறுப்பினச் சமூகவியலாளர் ஆலிவர் காக்ஸ் 1948இல் இதைக் கடுமையாக மறுத்தார். நிறவெறி முதலாளியத்தின் உழைப்புச் சுரண்டலில் பிறந்தது என்றார். இது வலுவான வாதம். ஆனால் அதை நிறுவ, இந்தியச் சாதி அமைப்பு கீழே இருப்போராலும் ஏற்கப்பட்ட நிலையான ஒழுங்கு என்று அவர் கொண்டார். 1927இல் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிய கைகளும், அவ்வாண்டு டிசம்பரில் மனுஸ்மிருதிக்கு வைத்த தீயும் அவர் சித்திரத்தில் இடம்பெறவில்லை. 1907இலேயே சென்னையில் இதழ் தொடங்கி எழுதிய அயோத்திதாசரை அவர் அறிந்திருக்க வழியில்லை. அமெரிக்க ஆய்வின் முக்கியமான விவாதம் ஒன்று நம் மக்களை வாய் பேசாதவர்களாக வைத்து நடந்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டும் ஆய்வேடு அமெரிக்கச் சமூகவியலின் வரலாறு பற்றியது. விதியின் எந்தச் சொல் அதைத் தடுக்கும்?

அடுத்து, இன்று சாதி அமெரிக்க அரசியலின் நேரடிப் பொருளாகவே ஆகிவிட்டது. 2019 இறுதியில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னிய அரசுத் துறை சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டமியற்றியது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியும், நடப்பிலுள்ள சட்டமே போதும் என்று கூறி அக்டோபர் 7 அன்று ஆளுநர் நியூசம் அதை நிராகரித்தார். இதை எதிர்த்த இந்து அமெரிக்க அமைப்புகள், தாம் ஒரு சிறுபான்மையினர் என்ற நிலையிலிருந்தே பேசின. இங்கே பெரும்பான்மையின் மொழி, அங்கே சிறுபான்மையின் மொழி! இந்த ஒரு மசோதாவின் பயணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் முதுகலை ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும்.

ஆய்வு முன்மொழிவை எழுதும் மாணவர்களுக்கு நம் ஆலோசனை இதுதான்: களத்தையும் சான்றுகளையும் அமெரிக்காவிலேயே வையுங்கள். சட்டமன்ற ஆவணங்கள், நீதிமன்றத் தாக்கல்கள், கறுப்பின இதழ்கள், பல்கலைக்கழகக் கொள்கைகள் ஆகியவை உங்கள் மூலங்களாகட்டும். இந்திய ஒப்பீடு உங்கள் பார்வையில் இருந்தால் போதும், தலைப்பில் வேண்டாம். இது தந்திரம் என்று எவரேனும் சொன்னால், அந்தத் தந்திரத்துக்கு நம்மைத் தள்ளியது எது என்று கேளுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பெர்லினின் அரசுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. ஆனால் மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும். முடக்கக் கணக்கில் இட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் அது பத்து லட்சத்துக்கும் மேல். உதவித்தொகை ஆணைக் கடிதத்தையும் சான்றாக ஏற்பார்கள். அதனால்தான் அந்தக் கடிதம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மாணவரின் இடத்தை ஆபத்துக்குள்ளாக்குகிறது.

அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1892 முதல் 1894 வரை பெர்லினில் படித்தார். உதவித்தொகையை நீட்டிக்க நிதியம் மறுத்ததால் அங்கே முனைவர் பட்டம் பெறாமலே திரும்பினார். பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அம்பேத்கரும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தார். சேமித்த பணத்தோடும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனோடும் 1920இல்தான் அவரால் மீண்டும் செல்ல முடிந்தது. இந்த இருவரும் 1946இல் கடிதம் எழுதிக்கொண்டனர். ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியை அம்பேத்கர் கேட்டிருந்தார். தீண்டப்படாத மக்களின் சார்பில் அதே வழியில் செல்ல அவர் எண்ணியிருந்தார். அனுப்பிவைப்பதாக ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதினார்.